பதினேழாவது நிமிடத்தில் விழுந்த மணப்பெண்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மூன்றாம் மாடிக் கதவில் யாரோ சிவப்புப் பெயிண்டால் எழுதிய ஒற்றைச் சொல் இன்னும் காயாமல் இருந்தது.

கொலைகாரி.

தினுஷன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“ஆள் சாகவே இல்ல மேடம். அட்வான்ஸா எழுதிட்டாங்க.”

“விரலத் துடைங்க,” என்றார் ரபீகா. “பெறகு நீங்கதான் எழுதின எண்டு செல்லுவாங்க.”

ரபீகா இருபத்திரண்டு வருடம் ஆயுள் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் மரணங்களை விசாரித்தவர். அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்குள் போய், செத்தவர் உண்மையில் எப்படிச் செத்தார் என்று கேட்பதுதான் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஆகவே முறைப்பும் ஏச்சும் அவருக்குப் பழகிப்போன வரவேற்புகள். தினுஷன் அவருடைய த்ரீவீல் சாரதி, உதவியாளன். பங்குதாரர் என்றும் வெளியில் சொல்லித் திரிகிறான். இந்த வழக்கைக் கொண்டுவந்தவனும் அவன்தான். மஹய்யாவையில் அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நிரோஷாவின் வீடு.

நிரோஷா உள்ளே, சுவர் நீளக் கண்ணாடிக்கு முன்னால், நீல நிறப் பாய் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. பாடசாலையில் மாகாண மட்டத்தில் ஓடியவள். பதினான்கு மாதத்துக்கு முன் இந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கு மட்டும் உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினாள். ஜன்னல் எல்லாவற்றுக்கும் திரை. வாசலில் ஒரு பிரம்புக் கூடை, வருகிறவர்கள் எல்லோரும் ஃபோனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் கூடையை நம்பித்தான் மடவளையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் அபாயா போட்ட பெண்கள் படியேறி வந்தார்கள். இன்றைக்கு அதே கூடையால், வியாழக்கிழமை நடந்ததற்கு ஒரு படம்கூட இல்லை.

“வியாழக்கிழம நடந்தத செல்லுங்க,” என்றார் ரபீகா.

“சாயங்காலம் அஞ்சு மணி க்ளாஸ். நுஸ்ஹா மூணாவது வரிசை. இன்னும் மூணு வாரத்துல அவளுக்குக் கல்யாணம். ரெண்டு மாசத்துல ஒன்பது கிலோ கொறச்சிட்டா. போதும்னு சொன்னேன், கேக்கல. பதினேழாவது நிமிஷம், பாட்டு மாறுற எடம். அப்படியே நின்னுட்டா. நெஞ்சுல கைய வச்சா. ‘மிஸ், படபடங்குது’ன்னா. நான் பக்கத்துல போறதுக்குள்ள விழுந்துட்டா.”

“நாடி பாத்தீங்களா?”

“பாத்தேன். ஓடுது, நிக்குது, திரும்ப ஓடுது. எண்ணவே முடியல. தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி எறங்கினேன். யாருக்கும் காத்துக்கிட்டு நிக்கல.”

“அதுக்குத்தான் கதவுல நன்றி எழுதியிருக்காங்க,” என்றான் தினுஷன்.

நிரோஷா அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

முறைப்பாடு வெள்ளிக்கிழமையே பொலிஸுக்குப் போயிருந்தது. கையெழுத்து மாப்பிள்ளை நபீலுடையது. சொல்லச் சொல்ல எழுதவைத்தது அவனுடைய மூத்த சகோதரி ஜெஸீமா. உடம்பை மெலிய வைக்கும் மாத்திரையை நிரோஷா தண்ணீர்ப் போத்தலில் கலந்து கொடுத்தாள், அதனால்தான் நுஸ்ஹாவின் இருதயம் தடுமாறியது என்பது குற்றச்சாட்டு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நிரோஷா பொலிஸில் நிற்க வேண்டும்.

“போனா திரும்பி வருவேனான்னு தெரியல,” என்றாள். “க்ளாஸ் போகட்டும். எங்கப்பா அம்மா அந்தத் தெருவுல எப்படி நடப்பாங்க?”

“மாத்திர குடுத்தீங்களா?”

“நீங்க யார் பக்கம்?”

“இன்னும் தெரியா. குடுத்தீங்களா?”

“குடுக்கல. வெறும் வயித்தோட வந்தாலே திருப்பி அனுப்புறவ நான். சாப்ட்டீங்களான்னு கேட்டுத்தான் உள்ள விடுறது. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா விசில் அடிச்சு எல்லாரையும் தண்ணி குடிக்க வைப்பேன்.”

“நுஸ்ஹா குடிச்சாளா?”

“போத்தல தூக்கி வாயில வச்சத என் கண்ணால பாத்தேன்.”

“போத்தல் எங்க?”

“ஜெஸீமா அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. சாட்சியாம்.”

ரபீகா எழுந்தார். “அப்ப சாட்சிய பாத்துட்டு வாறோம்.”

மடவளையில் மாப்பிள்ளை வீட்டு கேட் அரை அடிதான் திறந்தது. அந்த இடைவெளியில் ஜெஸீமாவின் முகம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர்க் கலியாணங்களில் யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற முகம்.

“நீங்க ஒரு முஸ்லிம் பொம்பள. அவளுக்காக பேச வந்தீக்கிறீங்க. வெக்கமில்லையா?”

“வெக்கத்தப் பாத்தா இந்தத் தொழில்ல இருவது வருஷம் ஈந்தீக்க ஏலா,” என்றார் ரபீகா. “உள்ளுக்கு வரட்டா?”

“வாணாம். அந்த ஆள் கேட்டுக்கு கிட்டயும் வரப்படாது.”

“நான் மரம் மாதிரி நிக்கிறேங்க,” என்றான் தினுஷன். “நெழல் வேணும்னா கூப்பிடுங்க.”

கேட் மூடப் போனது. ரபீகா அவசரப்படாமல் சொன்னார்.

“ஒண்டு செல்லிட்டு போறன். உங்கட முறைப்பாடு நிக்காது. தண்ணியில மாத்திர கலந்தாங்க எண்டு எழுதினீங்க. அவள் தண்ணிய குடிச்சி முடிச்சீப்பாள். வெறும் போத்தல வெச்சிட்டு என்னத்த காட்டப் போறீங்க?”

அந்தத் தூண்டில் போதுமாக இருந்தது. ஜெஸீமா உள்ளே போய், முடிச்சுப் போட்ட ஷொப்பிங் பையோடு திரும்பி வந்தாள்.

“வெறும் போத்தலா? நல்லா பாருங்க. பொட்டுத் தண்ணியும் சிந்தாம வெச்சீக்கிற.”

ரோஸ் நிறத்தில் உள்ளே தெரிகிற ப்ளாஸ்டிக் போத்தல், ஒரு லீட்டர். இப்போது பிள்ளைகள் எல்லாம் வைத்திருக்கிற வகை. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நேரம் அச்சிட்டிருந்தது. காலை ஏழு மணிக்கு இந்தக் கோடு, ஒன்பதுக்கு அந்தக் கோடு, மாலை ஏழுக்குள் அடிவரை குடித்து முடிக்க வேண்டும்.

தண்ணீர் காலை ஏழு மணிக் கோட்டுக்கு மேலே நின்றது.

“யாராவது இதுக்குள்ள தண்ணி ஊத்தினீங்களா?”

“அல்லாஹ் மேல ஆணையா, நான் எடுத்த மாதிரியே ஈக்கு. மூடியக்கூட தொறக்கல்ல.”

“அப்பிடியே வெச்சிக்கோங்க,” என்றார் ரபீகா. “இவ்வளவு கவனமா சாட்சி காத்த ஆள நான் பாத்ததே இல்ல.”

அது பாராட்டா குத்தலா என்று ஜெஸீமாவுக்குப் புரியவில்லை. புரியாததால் கோபம் கூடியது. “நாளைக்கு அவள உள்ளுக்கு தள்ளாம நாங்க உட மாட்டோம். இப்ப போங்க, எனக்கு ஆஸ்பத்திரிக்கு போக ஈக்கு. என்ட கையால காய்ச்சினதத்தான் நுஸ்ஹா இப்ப குடிக்கிற.”

கேட் சாத்திய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

த்ரீவீல் பஸாரைத் தாண்டியது. தினுஷன் கண்ணாடியில் பார்த்தான்.

“என்ன மேடம், லொத்தர்ச் சீட்டு விழுந்த முகம்?”

“போத்தல் நெறைய தண்ணி ஈக்கு.”

“அதான அவங்க சாட்சி.”

“அதுதான் எங்கட சாட்சி. குடிக்காத தண்ணியில விஷம் ஈந்தா என்ன, தேன் ஈந்தா என்ன?”

தினுஷன் ப்ரேக்கில் கால் வைத்துவிட்டான். பின்னால் வந்த பஸ்காரன் அவனுடைய குடும்பத்தைப் பற்றிச் சிங்களத்தில் ஏதோ விசாரித்தான்.

“ஆனா நிரோஷா பாத்தாளே?”

“வாயில வெச்சத பாத்தாங்க. தொண்டையால எறங்கினத பாக்கல்ல.”

“தண்ணி குடிக்கிற மாதிரி நடிக்கிறதுக்கு ஒரு மனுஷிக்கு என்ன தலையெழுத்து?”

“விழுந்த என்ன கெழம?”

“வியாழன்.”

“திங்களும் வியாழனும் எங்கட ஆக்கள் சுன்னத்து நோன்பு பிடிக்கிற. அது கட்டாயமில்ல. விருப்பத்துல பிடிக்கிற நோன்பு. அத வெளிய காட்டினா நன்ம கொறையும் எண்டு மறைக்கிறவங்க நெறையப் பேர். நானே ஒபிஸ்ல தேத்தண்ணிக் கோப்பைய கையில வெச்சிட்டு, ஆறும்வரைக்கும் கத பேசிட்டு ஈந்தீக்கிற.”

“எங்கம்மா வெள்ளிக்கிழமை வெரதம்னா காலையில ஆறு மணிக்கே மஹய்யாவ முழுக்கத் தெரியும் மேடம். கோழிக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு மட்டும்தான் அதுங்க தைரியமா நடக்கும்.”

ரபீகா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நுஸ்ஹாவுக்கு நோன்பு நன்மையும் ஆச்சு, டயட்டும் ஆச்சு. ஆனா வெறும் வயிறு எண்டு தெரிஞ்சா மிஸ் திருப்பி அனுப்புவாங்க. அதால விசில் அடிச்ச நேரம் போத்தல தூக்கி வாயில வெச்சீக்கிறாள்.”

“அப்ப கேஸ் முடிஞ்சுது. பட்டினி, குதிப்பு, மயக்கம். இருக்கற சோத்தப் போட்டா சரி.”

“இல்ல. பட்டினியில மயங்கினா தண்ணி தெளிச்சு, சீனித் தேத்தண்ணி குடுத்தா எழும்பி ஒக்காருவாங்க. நாடி ஓடி நிண்டு ஓடாது. நான் பழைய கம்பனியில இப்பிடி ரெண்டு ஃபைல் பாத்தீக்கிறன். ரெண்டும் மெலிய நெனச்ச பொம்பளப் புள்ளைகள். ஒடம்புல ஈக்கிற உப்ப வெளிய இழுக்கிற மருந்து ஏதோ உள்ளுக்கு பெய்த்தீந்த. உப்பு எறங்கினா நெஞ்சு தாளம் தப்பும்.”

“அந்த ரெண்டு பொண்ணுங்களும் என்ன ஆனாங்க?”

“நான் மரணம் விசாரிச்ச ஆள், தினுஷன்.”

அதன்பிறகு கண்டி வரைக்கும் அவன் பகிடி விடவில்லை.

பார்வையாளர் நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் சாப்பாட்டுப் பார்சல்களும் ஃப்ளாஸ்குகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின. பெண்கள் வார்ட்டின் வாசலில் ரபீகாவுக்குத் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி நின்றாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துப் பிள்ளை. பழைய விசாரணை ஒன்றில் உதவியவள்.

“அந்தக் கல்யாணப் பொண்ணா? அவளாலதான் எனக்கு ஏச்சு,” என்றாள். “பொட்டாசியம்னு ஒரு உப்பு, அடியில கெடந்துச்சு. ட்ரிப் போட்டு நேத்து சாயங்காலம் சரியா கொண்டாந்துட்டோம். இன்னைக்குக் காலையில இரத்தம் எடுத்துப் பாத்தா திரும்பக் கீழ. ட்ரிப் ஒழுங்கா போட்டியான்னு டொக்டர் என்னையக் கேக்குறாரு.”

ரபீகா தினுஷனைப் பார்த்தார். தினுஷன் ரபீகாவைப் பார்த்தான்.

“நிரோஷா வியாழக்கிழமைக்குப் பெறகு இந்தப் பக்கம் வந்தாங்களா?” என்று ரபீகா கேட்டார்.

“வரவிட்டாத்தான? அந்த அக்கா காவல் நாய் மாதிரி நிக்கிறாங்க.”

அப்படியானால் உப்பை இழுக்கிற பொருள் எதுவோ, அது இன்னும் இந்த வார்ட்டுக்குள்தான் இருக்கிறது. கட்டிலுக்கு யார் கையாலோ வருகிறது.

ஏழாம் கட்டிலில் நுஸ்ஹா கிடந்தாள். இருபத்திநாலு வயதுக்குக் கன்னம் இப்படி ஒட்டியிருக்கக் கூடாது. நெஞ்சிலிருந்து மூன்று வயர்கள் ஒரு பெட்டிக்குப் போயின. பக்கத்துக் கதிரையில் அவளுடைய உம்மா கைரியா, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பேசுறதுக்கு ஒண்டுமில்ல,” என்றாள் கைரியா, ரபீகா வாயைத் திறக்குமுன்பே. “என்ட மகளுக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்ல. அந்தப் பொம்பள குடுத்த மருந்துதான். அத பொலிஸ் பாத்துக்கும்.”

“நுஸ்ஹா என்ன செல்ற?”

நுஸ்ஹா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெஸீமா வந்தாள், கையில் பச்சை ஃப்ளாஸ்க். ரபீகாவைக் கண்டதும் நின்றாள். பிறகு ஆள் இல்லாத இடத்தில் நடப்பதுபோல் நடந்து வந்து, ஃப்ளாஸ்க் மூடியில் ஆவி பறக்க ஊற்றி, கட்டிலுக்கு நீட்டினாள்.

ரபீகா அந்தக் கையைப் பிடித்தார்.

“அத அவளுக்கு குடுக்க வாணாம்.”

“கைய எடுங்க.”

“இதுக்குள்ள என்ன ஈக்கு எண்டு மிஸ்ஸி பாத்த பெறகு குடுங்க.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஜெஸீமா ரபீகாவின் கண்ணைப் பார்த்தபடியே மூடியிலிருந்ததைக் குடித்தாள். இன்னொரு தரம் ஊற்றிக் குடித்தாள். மூன்றாந் தரம், நாலாந் தரம். ஃப்ளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“கொத்தமல்லி. ரெண்டு துண்டு இஞ்சி. இப்ப நான் விழுற எண்டா நிண்டு பாத்துட்டு போங்க.”

யாரோ சிரித்தார்கள். தினுஷன் கூரையைப் பார்த்தான்.

“மன்னிச்சிக்கோங்க,” என்றார் ரபீகா.

“பொலிஸ்ல வந்து கேளுங்க மன்னிப்ப.”

ரபீகாவுக்கு முகம் சுட்டது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தார். குனிந்த கண், கைரியாவின் பாதத்தில் போய் விழுந்து, அங்கேயே நின்றது.

செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள் கைரியா. கழற்றாமல் இருந்திருக்க முடியாது. கால்கள் இரண்டும் கணுக்கால் தெரியாமல் ஊதியிருந்தன. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக, இன்னும் மேலெழும்பாமல் கிடந்தது. அந்த வார்ட்டில் நோயாளி அல்லாதவளின் கால்தான் எல்லோருடையதையும் விட மோசமாக இருந்தது.

ரபீகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

“கைரியா ராத்தா, க்ளினிக் போறீங்களா?”

“மாசா மாசம் போற. எனக்கு நெஞ்சு வருத்தம். அது ஊருக்கே தெரிஞ்சது.”

“குளிச மாத்திர எல்லாம் குடிக்கிறீங்களா?”

கைரியா கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

“சின்ன வெள்ளக் குளிச ஒண்டு தருவாங்க. குடிச்சா அடிக்கடி பாத்ரூம் ஓட வேண்டி ஈக்கும். கால் வீக்கம் வத்தும். உங்கட கால் வத்தல்ல. அந்தக் குளிச எங்க போகுது?”

கைரியாவின் கை, கைப்பையின் ஜிப்பை மூடிப் பிடித்தது. அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“நேத்து ராவும் குடுத்தீங்க. விடியவும் குடுத்தீங்க. அப்பிடித்தானே?”

கைரியா மகளைப் பார்த்தாள். பிறகு பேசினாள், கதிரையின் கைப்பிடியிடம் சொல்வதுபோல.

“ஒரு மாசத்துக்கு முன்ன நெஞ்சு படபடக்குது எண்டு அழுதாள். சோறே தின்னல்ல, படபடக்காம என்ன செய்யும். டொக்டர்ட்ட கூட்டிட்டு பெய்த்தா நாலு பேர் பாப்பாங்க. நெஞ்சு வருத்தக்காரிய யார் எடுக்கிற? என்ட நெஞ்சுக்கு டொக்டர் தந்த குளிசதானே, அவள்ட நெஞ்சுக்கும் நல்லம் எண்டு நெனச்சி... எனக்கு தார முழுசையும் அவளுக்கு குடுத்த. நோன்புக்கு விடியச் சாப்பிடுற நேரம் பாலோட குடுத்த. ஒடம்பும் வத்தி வந்த. ரெண்டு பேரும் சந்தோஷப்பட்ட. இங்க வந்த பெறகு நெஞ்சு கூடக் கெட்டுப் பெய்த்து எண்டு பயந்து ரெண்டு ரெண்டா குடுத்த.”

“இண்டைக்கு எத்தின?”

“விடிய சுபஹுக்கு ரெண்டு. இப்ப குடுக்க ரெண்டு எடுத்து வெச்சீக்கு.”

அவள் விரலைத் திறந்தாள். வியர்வையில் ஊறிய இரண்டு வெள்ளைக் குளிசைகள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தன.

தினுஷன் ஓடினான். மிஸ்ஸி வந்தாள். அவளுக்குப் பின்னால் இளம் டொக்டர் ஒருவர் வந்து, கைப்பையிலிருந்த க்ளினிக் கவரை வாங்கிப் படித்தார். கைரியாவை ஏச வாயெடுத்தவர், அவளுடைய காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“இந்தக் குளிசை உங்கட இருதயத்துக்கு, அம்மா. உங்கட மகளுடைய உடம்பிலிருந்து இது உப்பைக் கழுவிக்கொண்டு போகுது. சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை, அதுக்கு மேல துள்ளிக் குதிச்சிருக்கிறா. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போயிருந்தால்...” கவரை மிஸ்ஸியிடம் கொடுத்தார். “இருதயத்தில வேற ஏதும் இருக்கோ எண்டு ஸ்கான் எடுத்துத்தான் சொல்லலாம். நீங்களும் இண்டைக்கே காட்ட வேணும்.”

டொக்டர் போனார். முதலில் பேசியது ஜெஸீமா. ரபீகா எதிர்பார்த்த கத்தல் அதில் இல்லை. குரலில் கணக்கு இருந்தது.

“சரி. தெரிய வேண்டியது தெரிஞ்சி. இது இந்தக் கட்டிலோட நிக்கட்டும்.”

“நிரோஷா?” என்றார் ரபீகா.

“ஊரெல்லாம் செல்லியாச்சி. இனி மாத்திச் செல்ல ஏலா. மாத்தினா பொண்ணுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு ஆகும், என்ட தம்பிக்கு தலையில கட்டப் பாத்தாங்க எண்டு ஆகும். அவள் கொஞ்ச நாள் பொலிஸ்ல அலைவாள். பெறகு தானா உடுவாங்க.”

ரபீகா கைரியாவைப் பார்த்தார். அவளாவது மறுப்பாள் என்று நினைத்தார். கைரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னை இத்தனை நாள் நடுங்க வைத்த அந்தச் சம்பந்தக்காரியோடு ஒரே பக்கத்தில் போய் நின்றாள்.

“அந்தப் புள்ளைக்கு வேற எடத்துல இன்னொரு க்ளாஸ் தொறக்க ஏலும். என்ட மகளுக்கு இன்னொரு மாப்பிள்ளைய நான் எங்க தேட?”

“நான் பொலிஸுக்கு செல்லுவன்.”

“செல்லுங்க,” என்றாள் ஜெஸீமா. “நாங்க ரெண்டு பேரும் இல்ல எண்டு செல்லுவோம். நோயாளிட ரகசியத்த டொக்டர் வெளிய பேச மாட்டார். உங்கட கையில என்ன ஈக்கு? ஒரு போத்தல். அதும் என்ட வீட்டுல ஈக்கு.”

“மேடம்,” என்றான் தினுஷன் மெதுவாக, “இந்த அக்காவ நம்ம கம்பனிக்கு எடுத்துருவமா?”

ஜெஸீமா சொன்னது சரி. நாளை ஒன்பது மணிக்கு நிரோஷாவைக் காப்பாற்ற ஒரே ஒரு வாய்தான் உண்டு. அது சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது.

“நுஸ்ஹா,” என்றார். “மூணு மாடி உங்கள தோள்ல தூக்கிட்டு எறங்கின ஆள் அவங்க. எனக்கு வேற ஒண்டும் செல்ல இல்ல.”

நுஸ்ஹா திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. தலையணைக்கு அடியில் கைவிட்டு ஃபோனை எடுத்தாள். வயர் இழுபட்டுப் பெட்டி கீச்சிட்டது. வட்ஸ்அப்பில் வகுப்புக் குழுவைத் திறந்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். நான் நுஸ்ஹா. நிரோஷா மிஸ் எனக்கு ஒண்டும் தரல்ல. நான் நோன்போட க்ளாஸுக்கு வந்த. மிஸ் கேட்ட நேரம் சாப்பிட்ட எண்டு பொய் செல்லின. தண்ணி குடிக்கிற மாதிரி நடிச்ச.”

“ஃபோன வெய்,” என்றாள் ஜெஸீமா. பறிக்கப் பாய்ந்தவளுக்கு முன்னால் தினுஷன் பணிவாகக் குறுக்கே நின்றான், இரண்டு கையாலும் பிடித்த பச்சை ஃப்ளாஸ்க்கோடு.

“அக்கா, உங்க ஃப்ளாஸ்க் மறந்துட்டீங்க.”

“உம்மாட நெஞ்சுக் குளிசைய மெலியிறதுக்காக நான்தான் எடுத்துக் குடிச்ச,” என்றாள் நுஸ்ஹா, தாயைப் பார்க்காமல். “உம்மாவுக்கு தெரியா. அதாலதான் விழுந்த. மிஸ்ட கதவுல எழுதினவங்க அத அழிச்சிடுங்க.”

விரலை எடுத்தாள். குரல் பதிவு போய்ச் சேர்ந்தது. இருபத்துமூன்று பெண்கள் இருக்கிற குழு. ஒவ்வொருத்தியும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு.

கைரியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகள் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை அவள் மறுக்க வாயெடுத்த கணத்தில் நுஸ்ஹா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெஸீமாவின் ஃபோன் அடித்தது. நபீல். அவள் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது.

“எடுங்க ராத்தா,” என்றாள் நுஸ்ஹா. “சத்தமா போடுங்க.”

வார்ட் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெஸீமா எடுத்தாள்.

“ராத்தா, நுஸ்ஹா பக்கத்துல ஈக்கிறாளா?”

“ஈக்கிறன்,” என்றாள் நுஸ்ஹா.

மறுமுனையில் வாகனச் சத்தம், யாரோ சிங்களத்தில் பேசும் சத்தம்.

“நான் பொலிஸ்ல நிக்கிற. கட பக்கத்துலதானே, வட்ஸ்அப்ல உங்கட குரல கேட்ட உடன வந்த. முறைப்பாட்ட திருப்பி எடுக்கப் போற. ஆனா காரணம் எழுதணுமாம். மிஸ்ல பிழையில்ல எண்டு எழுதினா மட்டும் போதாதாம். அப்ப எப்பிடி விழுந்தாங்க எண்டு கேக்கிறாங்க.”

“நபீல், ஒண்டும் எழுத வாணாம்,” என்றாள் ஜெஸீமா. “வீட்டுக்கு வா. வாப்பாவோட பேசிட்டு...”

“நான் உங்களட்ட கேக்கல்ல ராத்தா. நுஸ்ஹா, நான் என்ன எழுத?”

“நான் செல்லினத அப்பிடியே எழுதுங்க.”

“உங்கட வருத்தமும் அதுல வரும். அந்தக் கடுதாசிய நாலு பேர் பாப்பாங்க. பெறகு எங்கட வீட்டுல...”

“தெரியும். ஸ்கான் எடுக்கவும் ஈக்கு. அதுல என்ன வரும் எண்டு தெரியா. அதையும் சேர்த்து எழுதுங்க.”

நபீல் யாரிடமோ பேனை கேட்டான். அழைப்பைத் துண்டிக்கவில்லை. மேசையில் கடதாசி உரசும் சத்தமும், நடுவில் ஒரு கான்ஸ்டபிளின் இருமலும் கேட்டன. ஏழாம் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் யாரும் நகரவில்லை. ஜெஸீமா மட்டும் ஃபோனை நீட்டிப் பிடித்தபடி, அது தன்னுடைய கைதானா என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கையெழுத்து வெச்சிட்டன்,” என்றது ஃபோன். “மிஸ் நாளைக்கு வரத் தேவயில்ல எண்டு எழுதித் தந்தீக்கிறாங்க. இப்ப கட்டுகஸ்தோட்டைக்கு பெய்த்து அவங்களட்ட குடுக்கப் போற.”

“அவங்க உங்களுக்கு ஏசுவாங்க,” என்றாள் நுஸ்ஹா.

“ஏசட்டும்.”

மிஸ்ஸி வாசலில் நின்று நேரம் முடிந்துவிட்டது என்று கையைத் தட்டினாள். ஜெஸீமா அழைப்பை வெட்ட விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் நபீல் இன்னொன்று கேட்டான்.

“நாளைக்கு ஆஸ்பத்திரியில எத்தின மணிக்கு உள்ளுக்கு உடுவாங்க?”

ஜெஸீமாவின் விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“பன்னெண்டுக்கு,” என்றாள் நுஸ்ஹா.